தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? சிறுபடகுகளின் குடிநீர்க் கணக்கு

சின்னப் பாய்மரப் படகில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கடலில் போகிறவர்களுக்கு, குடிநீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது எப்படித் தெரிகிறது? சுற்றிலும் தண்ணீர், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது. படகின் அடியில் எங்கோ மூடிக்கிடக்கும் ஒரு தொட்டியில் இருப்பதுதான் உயிர்த்தண்ணீர். அதைப் பார்க்கவும் முடியாது.

இந்தக் கேள்விக்குள் நான் வந்தது தலைகீழ் வழியில். படகுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள என்எம்இஏ 2000 என்று ஒரு நெறிமுறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஓர் எண். திரவ மட்டத்தைச் சொல்லும் செய்தியின் எண் 127505. டீசலா, குடிநீரா, கழிவுநீரா என்று ஒரு குறியீடு, தொட்டியின் மொத்தக் கொள்ளளவு, இப்போதைய மட்டம் எத்தனை சதவீதம். செய்தி அவ்வளவுதான். அந்தச் சதவீதத்தை 0.004 வரை துல்லியமாக எழுதலாம் என்கிறது நெறிமுறை. 150 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 6 மில்லிலிட்டர் வருகிறது. ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே!

ஆடிக்கொண்டே இருக்கும் படகில், தளும்பிக்கொண்டே இருக்கும் தொட்டியில், டீஸ்பூன் கணக்கு. சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசித்தபோது வேறொன்று உறுத்தியது. தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல அந்தச் செய்தியில் இடம் இருக்கிறது. அது குடிக்கத் தகுந்த தண்ணீரா என்று சொல்ல இடமே இல்லை. இது ஒன்றும் பெரிய குறை இல்லை என்று தோன்றலாம். சிறுபடகுகளின் வரலாற்றைப் புரட்டினால், ஆட்களை உண்மையில் கலங்கடித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான்.

முதலில், மட்டத்தை அளப்பது ஏன் கஷ்டம் என்று பார்த்துவிடலாம்.

வீட்டு மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி கிட்டத்தட்ட உருளை. பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர். படகில் அப்படி இல்லை. படகின் அடிவயிறு குறுகி, மேலே போகப்போக விரியும். அந்த இடத்தை வீணாக்காமல் தொட்டியையும் அதே வடிவத்தில் செய்து பொருத்துவார்கள். வெட்டிப் பார்த்தால் தலைகீழ் முக்கோணம். இப்படிப்பட்ட தொட்டியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால், இருப்பது பாதி அல்ல, கால்பங்கு. அளவுக்குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு "பாதி இருக்கிறதே" என்று நிம்மதியாகப் படுக்கிறவர், இருப்பதைப் போல இரண்டு மடங்கை நம்பிக்கொண்டு படுக்கிறார்.

அடுத்தது சாய்வு. பாய்மரப் படகு காற்றில் ஒருபக்கம் சாய்ந்துதான் ஓடும். 20 டிகிரி சாய்வு சர்வசாதாரணம். ஒரு மீட்டர் அகலத் தொட்டியென்றால் ஒரு ஓரத்தில் தண்ணீர் 18 செ.மீ. ஏறும், மறு ஓரத்தில் 18 செ.மீ. இறங்கும். நாற்பது செ.மீ. ஆழமே உள்ள தொட்டியில் இது எவ்வளவு பெரிய பொய்! உணரியைச் சரியாக நடுவில் வைத்தால் பொய் குறையும். ஆனால் படுக்கைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று கிடைத்த மூலையில் திணித்த தொட்டிக்கு நடுவை எங்கே தேடுவது?

வடிவத்தால் வரும் இந்தத் தலைவலி படகுக்கு மட்டும் உரியதல்ல. பீப்பாய்க் காலத்திலேயே இருந்தது. (பீப்பாய் என்ற நம் சொல்லே போர்த்துகீசிய 'பீப்பா'விலிருந்து வந்ததுதான். கடல்வழியாக வந்த சொல்.) கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர் 1613-இல் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். திருமணத்தை ஒட்டி வாங்கிய மது பீப்பாயில் வியாபாரி ஒரு குச்சியைக் குறுக்காக விட்டு, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னார். புது மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. குட்டையான பீப்பாய்க்கும் நெட்டையான பீப்பாய்க்கும் ஒரே குச்சி எப்படிச் சரியாகும் என்று யோசிக்க ஆரம்பித்து, 1615-இல் பீப்பாய்களின் கனஅளவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நுண்கணிதத்துக்கு முன்னோடியான நூல்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். நிரம்பிய பீப்பாய்க்கே இந்தப் பாடு. பாதி காலியான பீப்பாய் இன்னும் கடினம்.

தட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. நாம் பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி. நோயாளியின் மார்பில் விரலால் தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் அவன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். அப்பா பீப்பாயைத் தட்டி மதுவின் மட்டத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்வது வழக்கம்.

சரி, குச்சியும் தட்டலும் இருக்கட்டும். உயிர் போகும் நிலையில் ஒரு சிறுபடகில் என்ன செய்தார்கள்?

1789, ஏப்ரல் 28. பசிபிக் கடலில் பவுண்டி கப்பலில் கலகம். கேப்டன் வில்லியம் பிளையையும் அவரோடு 18 பேரையும் 23 அடி நீளமுள்ள ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். பிளை நல்லவரா கொடுங்கோலரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, அதற்குள் நான் போகவில்லை. தோஃபுவா தீவில் உணவும் நீரும் தேடப் போய், அங்கு நடந்த தாக்குதலில் ஜான் நார்ட்டன் என்பவர் கொல்லப்பட்டார். மீதி 18 பேர். இனி எந்தத் தீவிலும் இறங்குவது ஆபத்து என்று முடிவு செய்து, டச்சுக்காரர்களின் திமோர் தீவை நோக்கிப் படகைத் திருப்பினார்கள். 3600 கடல் மைலுக்கு மேல். கையிருப்பு: 150 பவுண்டு ரொட்டி, கொஞ்சம் பன்றி இறைச்சி, கொஞ்சம் ரம், மூன்று பாட்டில் ஒயின், 28 கேலன் தண்ணீர்.

28 கேலன் என்பது நூறு லிட்டர் சொச்சம். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் ஐந்தோ ஆறோ. பதினெட்டு பேருக்கு!

பிளை எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அவுன்ஸ் ரொட்டி, கால் பைண்ட் தண்ணீர். கால் பைண்ட் என்றால் ஒரு டீக்கடை கிளாஸ் அளவு. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கேலனுக்கு 8 பைண்ட், 28 கேலனுக்கு 224 பைண்ட். பதினெட்டு பேருக்கு நாளொன்றுக்கு நாலரை பைண்ட். 224-ஐ 4.5-ஆல் வகுத்தால் 49.8 நாள். ஏழு வாரம்.

இங்கே பீப்பாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மட்டத்தை அளக்கவில்லை, வெளியே போவதை அளந்தார்கள். கோப்பை ஒன்றுதான், அளவு ஒன்றுதான், ஆட்கள் 18. எத்தனை நாள் ஆயிற்று என்பது நாட்குறிப்பில் இருக்கிறது. கழித்தால் மிச்சம் வந்துவிடும். படகு எப்படிச் சாய்ந்தாலும், பீப்பாய் எந்த வடிவத்தில் இருந்தாலும் இந்தக் கழித்தல் மாறாது. செல்போன் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. மின்னழுத்தத்தைப் பார்த்து ஊகிப்பது ஒன்று. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே இருப்பது மற்றொன்று. இரண்டாவது வழியை எங்கள் துறையில் பெரிய விஷயமாகப் பேசுவோம். பிளை ஒரு கோப்பையை வைத்துச் செய்தது அதையேதான்.

ரொட்டிக்கும் அதே கறார். இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் தராசு கட்டினார். எடைக்கல்லாக ஒரு துப்பாக்கிக் குண்டு. அப்படி 25 குண்டு ஒரு பவுண்டு, ஆக ஒரு வேளை ரொட்டி ஒரு பவுண்டில் 25-இல் ஒரு பங்கு. அவர் சாப்பிட்ட சிரட்டை இன்றும் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மழை வந்தது. அளவுக்கு மேலேயே வந்தது. தாகத்தை விட ஈரமும் குளிரும்தான் பெரிய தொல்லையாகப் போயின. கையிருப்பு ஏறியதும் பிளை தண்ணீரைக் கால் பைண்ட் வீதம் மூன்று வேளையாக்கினார். ஆனால் ரொட்டியில் கறார் தொடர்ந்தது. வானத்திலிருந்து ரொட்டி விழாது என்ற கணக்கு தெளிவாக இருந்தது அவருக்கு. 1789 ஜூன் 14-ஆம் தேதி திமோரின் கூப்பாங் துறைமுகத்தை அடைந்தார்கள். தோஃபுவாவுக்குப் பிறகு வழியில் ஒருவரும் சாகவில்லை. கூப்பாங் சேர்ந்த பிறகு காய்ச்சலில் சிலர் இறந்தது தனிச் சோகம்.

பெரிய கப்பல்களிலும் இதன் சாயல் உண்டு. அடித்தளத்தில் இருக்கும் இருப்பை யாரும் நினைத்தபோது தொட முடியாது. வயிற்றுப்பக்கம் சதுரமாக வெட்டிய ஒரு பீப்பாயை மேல்தளத்தில் கட்டி வைத்து, அன்றாடக் குடிநீரை அதில் ஊற்றி வைப்பார்கள். ஸ்கட்டில்பட் என்று பெயர். மாலுமிகள் அதைச் சுற்றி நின்று வம்பு பேசியதால் அந்தச் சொல்லுக்கே ஆங்கிலத்தில் வதந்தி என்று பொருள் வந்துவிட்டது. நம் ஊர்க் குழாயடியேதான்!

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1916, ஏப்ரல் 24. அண்டார்க்டிகாவுக்கு அருகே எலிஃபன்ட் தீவு. எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கிய பிறகு தீவில் ஒதுங்கியவர்களில், ஷாக்கிள்டன் உட்பட ஆறு பேர் ஜேம்ஸ் கெயர்ட் என்ற சுமார் 22 அடிப் படகில் உதவி தேடிக் கிளம்புகிறார்கள். தெற்கு ஜார்ஜியா தீவு சுமார் 800 கடல் மைல். உலகத்திலேயே மோசமான கடல்.

இரண்டு பீப்பாய்த் தண்ணீர், மொத்தம் 36 கேலன். கூடக் கொஞ்சம் பனிக்கட்டி. கரையில் அலை கடுமையாக இருந்ததால் பீப்பாய்களை வேறொரு படகால் கட்டி இழுத்து வந்து ஏற்றினார்கள். அப்போது பீப்பாய்கள் அறுத்துக்கொண்டு அலையில் போய்விட, ஒருவழியாக மீட்டு ஏற்றினார்கள். இந்தக் களேபரத்தில் ஒரு பீப்பாய் இலேசாக அடிபட்டிருந்தது.

பயணம் இரண்டு வாரத்தை நெருங்கும்போது முதல் பீப்பாய் தீர்ந்தது. இரண்டாவதைத் திறந்தார்கள். உப்புக் கரித்தது. அடிபட்ட இடத்தின் வழியே கடல்நீர் உள்ளே போயிருந்தது. அதோடு படகு முழுக்கப் பறந்துகொண்டிருந்த மான்தோல் படுக்கைகளின் முடியும் கலந்திருந்தது. மருந்துப் பெட்டியிலிருந்த துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும் தண்ணீர். ஷாக்கிள்டன் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை பைண்ட் என்று குறைத்தார். ஆறு பேருக்கு மொத்தமே மூன்று பைண்ட். வாய் வறண்டு உணவை விழுங்கவே சிரமப்பட்டார்கள். மே 8-ஆம் தேதி கரை தெரிந்தது. ஆனால் அலையும் பாறையும் நெருங்க விடவில்லை, அடுத்து ஒரு சூறாவளி. கண்ணெதிரே நிலம், நாக்கில் ஒட்டிக்கொண்ட உப்பு, இரண்டு நாள். மே 10 மாலைதான் இறங்க முடிந்தது. இறங்கிய இடத்திலேயே ஓர் ஓடை. மண்டியிட்டுக் குடித்தார்கள்.

அந்த இரண்டாவது பீப்பாயில் இன்றைய மிகச் சிறந்த மட்டமானியைப் பொருத்தியிருந்தால் என்ன காட்டியிருக்கும்? நூறு சதவீதம். ஓட்டை வழியாக உள்ளே வந்த கடல்நீர் மட்டத்தைக் குறைக்காதே! கருவி பொய் சொல்லாமலே ஆறு பேரை ஏமாற்றியிருக்கும். அதே நேரத்தில், இருந்த தண்ணீர் ஒரே பெரிய பீப்பாயில் இருந்திருந்தால் முதல் நாளிலிருந்தே முழுவதும் கரித்திருக்கும். அவர்களைக் காப்பாற்றியதில் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டாகப் பிரிந்திருந்ததுக்கு உண்டு என்பது என் கருத்து.

அரை நூற்றாண்டு கழித்து இதே கதை இன்னொரு தடவை நடந்தது. 1968 ஜூன் 14-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து சுஹைலி என்ற 32 அடிப் படகில் தனியாகக் கிளம்பினார். எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி. (சுஹைலி நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு என்பது பலருக்குத் தெரியாது.) தென்கடலின் கொந்தளிப்பில் படகு புரட்டியெடுக்கப்பட்ட பிறகு பார்த்தால், படகோடு சேர்ந்த தொட்டிகளில் இருந்த குடிநீர் கெட்டுப்போயிருந்தது. உலகத்தில் கால்வாசிகூடத் தாண்டாத நிலை. போட்டியை விட்டுவிட்டு கேப்டவுனுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தனித்தனி பிளாஸ்டிக் கேன்களில் கொஞ்சம் நல்ல தண்ணீர் வைத்திருந்தார். அது எத்தனை நாளுக்கு வரும், அதற்குள் எவ்வளவு மழை பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தொடர்ந்து போனார். பாய் வழியாக வழியும் மழையை வாளியில் பிடித்தார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22-இல் திரும்பினார். கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போதைய படகுகளில் நிலைமை வேறு மாதிரி சிக்கலாகியிருக்கிறது. பழைய படகுகளில் காலால் மிதித்துத் தண்ணீர் எடுக்கும் பம்பு இருக்கும். எத்தனை மிதி மிதித்தோம் என்பது காலுக்குத் தெரியும். இன்று மின்பம்பு. குழாயைத் திறந்தால் வீடு மாதிரி கொட்டுகிறது. எங்கோ ஓர் இணைப்புக் கசிந்தால், அழுத்தம் குறைகிறதே என்று பம்பு தானாக ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீர் முழுவதும் படகின் அடித்தளத்துக்குப் போகும். அங்கே இருக்கும் தானியங்கிப் பம்பு அதைக் கடமையாகக் கடலில் கொட்டிவிடும். இரண்டு கருவிகளும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன! இதனால்தான் இரவில் படுக்கும்போது பம்பின் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் பல படகுகளில் இருக்கிறது.

மட்டமானிகளிலும் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. பரவலாக இருப்பது மிதவை. மிதவை ஏற இறங்க மின்தடை மாறும். அமெரிக்க வழக்கில் தொட்டி காலியென்றால் 240 ஓம், நிறைந்தால் சுமார் 33. ஐரோப்பிய வழக்கில் காலியென்றால் 10, நிறைந்தால் 180. ஏதோ பழக்க வித்தியாசம் என்று விட்டுவிடலாமா? கடலின் உப்பில் கம்பி அரித்து அறுந்துபோனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அறுந்த கம்பியின் தடை எல்லையில்லாதது. அமெரிக்க முள் 'காலி' பக்கம் விழும். போய்ப் பார்ப்பீர்கள், பழுதைக் கண்டுபிடிப்பீர்கள். ஐரோப்பிய முள் 'நிறைவு' பக்கம் போய் நிற்கும். தொட்டி நிறைந்திருக்கிறது என்று சொல்லும் கருவியை யாராவது சந்தேகப்படுவார்களா? ஒரே பழுது, இரண்டு பொய். அதில் ஒன்று மட்டும் ஆபத்தானது.

இன்று நானே ஒரு படகுக்கு இதை வடிவமைப்பதானால், மட்டமானி ஒன்று, தண்ணீர் வெளியேறும் குழாயில் ஓட்டமானி ஒன்று என இரண்டும் வைப்பேன். குழாயில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், சுற்றுக்கு இத்தனை துடிப்பு. பிளையின் கோப்பைதான் அது. இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஓட்டமானி பத்து லிட்டர் போனது என்று சொல்லி, மட்டம் முப்பது லிட்டர் இறங்கியிருந்தால் தொட்டியிலேயே கசிவு. ஓட்டமானி சொல்வதை விட மட்டம் குறைவாக இறங்கியிருந்தால், எங்கிருந்தோ ஏதோ உள்ளே வருகிறது. அது கடல்நீராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அந்தத் தொட்டியின் வால்வை உடனே மூடிவிட வேண்டும். அதற்கு இன்னொரு தொட்டி, தனி வால்வோடு, இருக்க வேண்டும். அதுவும் போக, எந்தக் குழாயோடும் சேராத சில கேன்கள், தூக்கிப் பார்த்தாலே கைக்கு எடை தெரிகிற அளவில்.